சுரண்டிய ராகி

பூவாயிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது. கால்தான் பேசும். அன்றைக்கு அவள் குன்று ஏறின வேகத்தில் பாதி வழியிலேயே செருப்பு வார் அறுந்தது. அறுந்ததைக் கழற்றிப் புதருக்குள் வீசினாள். இன்னொன்று மட்டும் எதற்கு என்று அதையும் வீசினாள். வெறுங்காலோடு ஏறினாள். இடுப்பில் ஆறு மாதப் பெண் குழந்தை, அம்மாவின் மூச்சிரைப்பை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தது.

கோபத்துக்குக் காரணம் மாமியார். காலையில் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"மூத்தவனைத்தான் காலம் தெரியாம இடுப்புல ஏத்தி ஏத்திக் காலை வில்லா வளைச்சுட்ட. இதையும் வளைச்சுடு. ரெண்டு வில்லு ஆயிடுச்சுன்னா வேட்டைக்குப் போகலாம்."

பூவாயி கையிலிருந்த குடத்தைத் தொப்பென்று கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மூத்தவன் வேடியப்பன். ஆறு வயது. இரண்டு கணுக்காலையும் ஒட்ட வைத்து அவனை நிற்கச் சொன்னால் முட்டிக்கும் முட்டிக்கும் நடுவே நாலு விரல் தாராளமாய் நுழையும். ஓடத் தெரியாது. நடந்தாலும் சாயங்காலம் காலைப் பிடித்துக்கொண்டு அழுவான்.

நாளைக்குச் சின்னவளுக்கு முதல் கஞ்சி. இதுவரை தாய்ப்பால் தவிர எதுவும் அறியாத பிள்ளை. எது மூத்தவனைப் பிடித்ததோ அது இவளையும் பிடிக்குமா? நாளையிலிருந்து வீட்டில் உள்ளதெல்லாம் இவள் வயிற்றுக்குள்ளும் போகும்.

குன்றின் மேல் மடம் என்று பேர்தான். ஒரு கீற்றுக்கொட்டகை, பக்கத்தில் ஒரு சுனை. அங்கே இருந்த குருவுக்கு இருபத்தாறு வயது. பூவாயியைவிட ஏழு வயது சின்னவர். "மீசை முளைச்ச மறுநாளே ஞானம் முளைச்சிடுச்சாம்" என்று கீழே கேலி பேசுவார்கள். பூவாயி அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அக்கா என்பார். இரண்டு பேருக்கும் அது இயல்பாகத்தான் இருந்தது.

அவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தவர். காட்டுக்குள் சிதறிக் கிடந்த கொட்டாய் வீடுகளுக்கெல்லாம் நடந்தார். பிள்ளை உள்ள வீடு இருநூற்றுப் பன்னிரண்டு. வீட்டுக்கு முப்பது சேதி கேட்டு எழுதினார். ஆடு எத்தனை, அடுப்பு எந்தப் பக்கம், கிணறு எத்தனை ஆள் ஆழம், பிள்ளைக்குக் காய்ச்சல் எத்தனை நாள், முட்டி இடைவெளி எத்தனை விரல். இப்படி ஒருத்தர் வந்து கேட்டால் ஜனம் என்ன நினைக்கும்? "பொண்ணு பாக்க வந்திருக்காரு போல" என்றார்கள்.

பிறகு ஒரு தாளுக்கு இரண்டு சேதி என்று எடுத்துக்கொண்டார். ஒன்று அடிக்கோட்டில், ஒன்று பக்கக்கோட்டில். இரண்டும் சேரும் இடத்தில் வீட்டுக்கு ஒரு ராகி மணி. புளியங்கொட்டைப் பசை வைத்து ஒட்டினது. முப்பது சேதியையும் இரண்டிரண்டாய்ச் சேர்த்தால் நானூற்று முப்பத்தைந்து தாள் வந்தது. எதோடு எது சேர்ந்து நடக்கிறது என்று அதில் தெரியும் என்றார்.

பூவாயி சீடப்பெண்ணாய்ச் சேர்ந்த முதல் நாளே கேட்டாள், "கண்ணால பாத்தா போதாதுங்களா சாமி?"

"முப்பதாவது தாள்ல கண்ணு தூங்கிடும் அக்கா. நூறாவது தாள்ல பொய் சொல்லும்."

அதனால் எண். ராகிக்குப் பக்கத்து ராகி, அதற்குப் பக்கத்து ராகி என்று கிட்டக் கிட்ட நூல் பிடித்து, ஒன்று விடாமல் கோத்து அளக்க வேண்டும். கொத்துக் கொத்தாய் இருக்கிறதா, நூல்போல ஓடுகிறதா, வரிவரியாய் நிற்கிறதா, நேராய் ஏறுகிறதா. ஒவ்வொன்றுக்கும் சுழியிலிருந்து நூறு வரை ஓர் எண். தாளுக்கு ஒன்பது எண். எண்ணைப் பார்த்து வித்தியாசமான தாளைப் பொறுக்கி, அதைக் கண்ணால் பார்ப்பது.

அளக்கும் முன்னே ஒரு வேலை உண்டு. கூட்டத்தை விட்டு எட்ட நிற்கிற ராகியை நகத்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். மூலையில் நிற்கும் ஒன்று, முழுத் தாளின் எண்ணையும் தன் பக்கம் இழுத்துவிடும் என்று குரு சொல்லிக்கொடுத்திருந்தார்.

எந்தத் தாள் எந்தச் சேதி என்று மட்டும் சொல்லமாட்டார். அது பேர்ச்சுவடியில் இருக்கும். அதை அவர்தான் வைத்திருப்பார். "பேர் தெரிஞ்சா கை சாயும்" என்பார்.

பூவாயி ஒரு வருஷமாய் அளந்தாள். பேறுகாலத்துக்கு இரண்டு மாதம் தவிர. நூல் அறுத்து அறுத்து ஆள்காட்டி விரலில் பள்ளமே விழுந்திருந்தது.

அவள் கொட்டகைக்குள் நுழையும்போது இன்னொரு சீடர் தீர்த்தகிரி வாயெல்லாம் பல்லாக நின்றார். சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். பல்லைப் பார்க்காமலே மாட்டுக்கு வயசு சொல்வேன் என்று பெருமை அடிப்பவர்.

"வாம்மா பூவாயி! அளவு முடிஞ்சுது. நேர் எண்ணுல முதல் தாளைப் புடிச்சுட்டேன். தொண்ணூத்தாறு!"

"என்ன தாளு?"

குரு பேர்ச்சுவடியைப் புரட்டினார். கொஞ்சம் தயங்கினார்.

"அடிக்கோடு, ஆடு எத்தனை. பக்கக்கோடு, வருஷத்துக்கு எத்தனை கூடை ஆட்டுப் புழுக்கை."

பூவாயி அவரையே பார்த்தாள்.

"ஆடு சாஸ்தியானா புழுக்கை சாஸ்தியாவும். இதுக்கா சாமி ஒரு வருஷம்? ஆட்டைக் கேட்டிருந்தா அதுவே சொல்லியிருக்குமே!"

"ரெண்டாவது தாளும் இருக்கும்மா" என்றார் தீர்த்தகிரி அவசரமாக. "பிள்ளைக்கு வயசு ஏற ஏற உசரம் ஏறுது."

"அண்ணே, நீங்க பேசாதீங்க. நான் அடிச்சாலும் அடிச்சுடுவேன்."

தீர்த்தகிரி இரண்டடி பின்னால் போனார்.

"சாமி, கால் தாளைக் காட்டுங்க. முட்டி இடைவெளி உள்ளதெல்லாம் எடுங்க. இப்பவே எடுங்க."

"அக்கா, எண் வரிசையெல்லாம் பாத்து முடியலை. பேர் தெரிஞ்சா கை..."

"சாயட்டும்! என் பிள்ளை காலே சாஞ்சு கெடக்குது. கைக்கு என்ன?"

குருவால் அதற்குமேல் மறுக்க முடியவில்லை. சுவடியைப் பார்த்துப் பார்த்து எடுத்தார். மொத்தம் இருபத்தொன்பது தாள். பாயில் பரப்பினார்.

பூவாயி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். எல்லாத் தாளிலும் ராகி அடிக்கோட்டை ஒட்டியே படுத்துக் கிடந்தது. சுழி விரல், அரை விரல், ஒரு விரல். மேலே ஒன்றுமே இல்லை. இருநூறு வீட்டுப் பிள்ளைகளும் பனைமரம் மாதிரி நேராக நின்றார்கள்.

ஒன்று விடாமல் பார்த்தாள். திரும்ப முதலிலிருந்து பார்த்தாள்.

"எங்க சாமி என் பையன்?"

குரு சுவடியையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலு விரல் உசரத்துல ஒரு புள்ளி இருக்கணும். நீங்கதானே வந்து அளந்தீங்க. அவன் கூச்சத்துல என் சேலைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டான். இழுத்து நிறுத்தி அளந்தீங்க, மறந்துட்டீங்களா? இருபத்தொம்பது தாள். ஒன்னுல கூட என் பிள்ளை இல்லை. எங்க அவன்?"

நாலு விரல் உயரத்தில் வெறும் தாளைத் தடவினாள். கைக்குச் சொரசொரவென்று பட்டது. காய்ந்த பசைத் தழும்பு. அங்கே ஒரு ராகி இருந்திருக்கிறது. யாரோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

தாளின் மூலையைப் பார்த்தாள். அளந்தவர் கட்டைவிரலில் மஞ்சள் தொட்டு வைக்கிற அடையாளம். தீர்த்தகிரியின் விரல் அகலம். இது ஒடுக்கமாக இருந்தது.

அவள் விரல்தான்.

அடுத்த தாளைப் பார்த்தாள். அதுவும் அவள் விரல். அதற்கடுத்தது தீர்த்தகிரி. அடுத்தது மறுபடி அவள்.

மடியிலிருந்த குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தது. அதைக் கூட அவள் உணரவில்லை.

"நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. அது கத்தலைவிடப் பயமாக இருந்தது.

"சொன்னேன்."

"மூலையில நிக்கிறதைச் சுரண்டுன்னீங்க."

"அளந்து எழுதிட்டுச் சுரண்டச் சொன்னேன். ஒரு தாளுக்கு எத்தனை எண் அக்கா?"

"எட்டு."

"ஒன்பது."

தீர்த்தகிரி தொண்டையைக் கனைத்தார். "நாந்தாங்க சாமி வேணாம்னேன். ஒதுங்கினதுக்கு ஒரு எண்ணு சொன்னீங்களே, அது. தூக்கிப் போடறதுக்கு எதுக்குங்க அளவு? வாசல் கூட்டினா குப்பையை எடை போட்டுட்டா கொட்டுவாங்க? மொதல் பத்துத் தாளுக்கு எழுதினோம். அப்புறம் நேரம் போவுதேன்னு விட்டுட்டோம்."

குரு கோபப்பட்டு அவர்கள் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தார்கள். எழுந்து போய் மூலையிலிருந்த கொட்டாங்குச்சியை எடுத்து வந்து நடுவில் வைத்தார். வைத்த வேகத்தில் நாலைந்து ராகி வெளியே சிதறியது. ஒரு வருஷமாய்ச் சுரண்டின ராகி. முக்கால்வாசி நிறைந்திருந்தது.

"இது குப்பையா?"

தீர்த்தகிரி தலை குனிந்தார்.

"இதுல ஒன்னை எடுங்க. எந்த வீடுன்னு சொல்லுங்க. அந்த வீட்டு வாசல்ல போய் நின்னு, நீ குப்பைன்னு சொல்லிட்டு வாங்க. போங்க!"

"அவரை ஏன் திட்டறீங்க?"

குரு திரும்பினார். பூவாயி எழுந்து நின்றிருந்தாள்.

"ஒரு வருசம் இதே கொட்டகையிலதான் உக்காந்திருந்தீங்க. ஒன்பதாவது எண்ணுக்கான கட்டம் காலியாவே கெடக்குது. ஒரு நாளாச்சும் எட்டிப் பாத்தீங்களா?"

குரு அந்தக் காலிக் கட்டங்களைக் குனிந்து பார்த்தார்.

"பாத்தீங்களா சாமி?"

"பாக்கலை."

"ஏன்?"

"முதல் பத்துத் தாள் பாத்தேன். சரியா இருந்துச்சு. மத்ததும் சரியா இருக்கும்னு இருந்துட்டேன்."

"எங்க அத்தையும் அப்படித்தான். ஒன்னைப் பாத்துட்டு ஊருக்கே சொல்லிடும்."

குருவுக்கு முகம் கறுத்தது. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நூல் கண்டை எடுத்து மூன்றாக அறுத்தார். ஒன்றைத் தீர்த்தகிரியிடம் போட்டார். ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"தழும்பு இருக்கு. கூட்டத்துலேர்ந்து தழும்புக்கு நூல் புடிங்க. மொத்த நூல் நூறு சாண்னா, அதுல எத்தனை சாண் ஒதுங்கினதுக்குப் போவுதுன்னு எழுதுங்க. பொழுது சாயறதுக்குள்ள நானூத்து முப்பத்தஞ்சும் முடியணும்."

"என் இருபத்தொம்பது போதும்."

"அதுல ஒன்னுக்கு இருபதுன்னு வருதுன்னு வைங்க. அது பெருசா, சின்னதா?"

பூவாயி யோசித்தாள். அந்தக் கேள்வியே எரிச்சலாக இருந்தது.

"மத்ததை அளக்காம எப்படிச் சொல்லுவீங்க?" என்றார் குரு.

நூலை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

ஆளுக்கு நூற்று நாற்பத்தைந்து தாள். பூவாயி கோபத்தில் எழுதின எழுத்து தாளுக்குப் பின்பக்கம் புடைத்துக்கொண்டு தெரிந்தது. குழந்தை அழுதபோது முந்தானைக்குள் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். கை மட்டும் நூல் பிடித்தது. சுழி. மூன்று. இரண்டு. ஐந்து. மறுபடி சுழி. பெரும்பாலும் இப்படித்தான் வந்தது. கால் தாள்களில் கொஞ்சம் கூடுதல். பதினைந்து, பதினெட்டு, ஒன்று இருபது.

உச்சி வெயில் இறங்கின நேரம் அவள் கையில் ஒரு தாளுக்கு நாற்பத்தேழு வந்தது.

நூலை எடுத்துவிட்டு மறுபடி பிடித்தாள். நாற்பத்தேழு.

"அண்ணே, இதை நீங்க அளங்க."

தீர்த்தகிரி அளந்தார். "நூல் இழுபடுது போல" என்று புது நூல் வாங்கி இன்னொரு தடவை அளந்தார். நாற்பத்தேழுதான்.

மிச்சத்தையும் அளந்து முடித்தார்கள். எல்லாத் தாளையும் அந்த ஒன்பதாவது எண் வரிசையில் பாயில் அடுக்கினார்கள். சுழியில் ஆரம்பித்து இருபத்திரண்டு வரை கிட்டக் கிட்ட வந்தது. அதற்குப் பிறகு பாய் காலி. கடைசி ஓரத்தில் அந்த ஒரு தாள் மட்டும் தனியே கிடந்தது.

குரு சுவடியைத் திறந்தார்.

"பக்கக்கோடு, முட்டி இடைவெளி. அடிக்கோடு, கிணற்றாழம்."

கொட்டாங்குச்சியிலிருந்து ஏழு ராகியை எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தார். பசைக் கிண்ணத்தை நகர்த்தினார். அந்தத் தாளில் தழும்பு ஏழு.

பூவாயி ஒவ்வொன்றாய் ஒட்டினாள். மற்ற வீட்டுக் கிணறெல்லாம் பத்து ஆளுக்குள்தான் இருந்தது. அவை கீழே கூட்டமாய்ப் படுத்திருந்தன. இந்த ஏழும் அந்தக் கூட்டத்தை விட்டுக் கிளம்பி ஏணி மாதிரி ஏறின. பதிமூன்று ஆளுக்கு ஒன்றரை விரல். பதினைந்து ஆளுக்கு இரண்டு. பதினேழு. பதினெட்டு. இருபது.

ஆறாவது ராகியைத் தழும்பில் வைத்தவள் கையை எடுக்கவில்லை. கீழே கோட்டைப் பார்த்தாள். இருபத்திரண்டு ஆள். பக்கத்தில் பார்த்தாள். நாலு விரல்.

பேரை யாரும் படிக்கத் தேவை இருக்கவில்லை. தங்கள் கிணறு இருபத்திரண்டு ஆள் ஆழம் என்று புருஷன் மாதையன் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வான். பாறையை உடைத்து உடைத்துத் தோண்டினது. ஊரே வறண்டாலும் வற்றாது. கல்கண்டு மாதிரி இனிக்கும் என்று மாமியார் விருந்தாளிக்கெல்லாம் செம்பு செம்பாய் ஊற்றுவாள். வேடியப்பனின் முதல் கஞ்சியும் அந்தத் தண்ணீரில் வைத்ததுதான்.

"இந்த ஏழாவது யாரு சாமி?"

அது இன்னும் மேலே இருந்தது. இருபத்தாறு ஆள். ஆறு விரல்.

"புலியூத்துப் பக்கம் ஒரு கொட்டாய். ஒரு பொண்ணு. அஞ்சு வயசு."

"மத்தது?"

குரு படித்தார். ஏழு ஊரில் ஏழு வீடு. ஒன்றுக்கொன்று நடந்தால் அரை நாள் ஆகும். ஊருக்கு ஒரே வீடு.

"அப்ப ஊருக்கு ஒரு மாமியார் இருக்கும்" என்றாள் பூவாயி. "ஒவ்வொருத்தியும் நாமதான் என்னமோ பண்ணிட்டோம்னு உக்காந்திருப்பா."

ஏழாவதையும் ஒட்டினாள். அழுத்தி ஒட்டினாள்.

"தண்ணிதான் காரணமா சாமி?"

"தெரியலை அக்கா. ஆழத்தோட கூட வேற ஏதாச்சும் வரலாம். ஏழு வீடும் ஒரே பக்கமா ஏறி நிக்குது. அதுக்கு மேல எண் பேசாது."

"நாளைக்கு இவளுக்குக் கஞ்சி வைக்கணும்."

குரு எழுந்து வெளியே போனார். சுனையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. ஒரு குடம் நிறையக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். சுனை முழங்கால் ஆழம்கூட இருக்காது. அவரும் அதைத்தான் குடித்தார்.

தீர்த்தகிரியைக் காணோம் என்று பார்த்தால், பாதை வழியாக மூச்சு வாங்க ஏறி வந்தார். கையில், வழிப் புதரில் தேடி எடுத்த அவள் செருப்பு இரண்டும். அறுந்த வாரை அளக்கிற நூலாலேயே நாலு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார். அவள் காலடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

பூவாயி செருப்பைப் போட்டுக்கொண்டாள். முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக் குடத்தைத் தலையில் ஏற்றினாள். குழந்தையை எடுத்து, காலை இரண்டு பக்கமும் அகட்டி, இடுப்பில் நன்றாக உட்கார வைத்தாள். யாராவது இப்போது சொல்லிப் பார்க்கட்டும் என்பதுபோல வைத்தாள்.

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"எனக்கு இன்னும் கோபம் போகலை சாமி."

"யார் மேல?"

"உங்க மேல. அவரு மேல. எங்க அத்தை மேல. இந்த நகத்து மேல." குடத்தைப் பிடித்த கையின் கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள். "இந்தக் கோபத்தைச் சுமந்துக்கிட்டு நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

குரு சுவடியிலிருந்து ஓர் ஏட்டை உருவினார். மற்ற ஆறு வீடுகளின் பேரும் வழியும் அதில் இருந்தன. அவள் இரண்டு கையும் நிறைந்திருந்ததால் குழந்தையின் கையில் கொடுத்தார். அது இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"இறக்கி வெச்சுடாதீங்க அக்கா" என்றார். "இன்னும் ஆறு கொட்டாய் நடக்கணும்."